கொல்லைக்குள்ள நுழையுமா டிராக்டர்?

கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்கு வந்திருக்கீங்களா? வராதவங்க இந்த செமஸ்டர் லீவுலயாவது ஒரு எட்டு வந்துடுங்க. வந்தவங்களுக்குத் தெரியும்... உள்ளே நுழைஞ்சதும் கண்ணுல படறது ரெண்டு விஷயம். ஒண்ணு, ராஜேந்திர சோழன் எழுப்பின அந்த 180 அடி விமானம். இன்னொண்ணு, அதைச் சுத்தித் தொல்லியல் துறை வளர்த்து வெச்சிருக்கிற பச்சைப் பசேல் புல்தரை. குரூப் போட்டோ எடுக்கிற அத்தனை காலேஜும் அந்தப் புல்லைச் சுத்தித்தான் குவியும்.

இந்த மாதிரிப் புல்லை வெட்டறதுக்கும், வீட்டுக்குப் பின்னால நாலு பாத்தி கொத்தறதுக்கும்னே அமெரிக்காவில் ஒரு குட்டி டிராக்டர் இருக்கு. கார்டன் டிராக்டர்னு பேர். 1960-களில் வந்த மாடல்களை இன்னிக்கும் தேடிப் பிடிச்சு வாங்கி, பெயின்ட் அடிச்சு, கண்காட்சியில கொண்டுபோய் நிறுத்துற ரசிகர் கூட்டமே அங்கே உண்டு. 'விண்டேஜ்'ஆம்!

சரி, கோயிலை விட்டு வெளியே வாங்க. ஜெயங்கொண்டம் பக்கமோ மீன்சுருட்டி பக்கமோ கொஞ்ச தூரம் போய், ரோட்டை விட்டு உள்ளே இறங்கினா முந்திரிக் கொல்லை. எங்க பக்கத்துல மானாவாரி நிலத்துக்குக் கொல்லைன்னுதான் பேர். 'கார்டன்' என்ற வார்த்தைக்கு டிக்‌ஷனரியில 'தோட்டம்'னு போட்டிருக்கும். ஆனா, அமெரிக்காக்காரரோட கார்டன் வேற, நம்ம தோட்டம் வேற. அவருக்கு அது ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு. நமக்கு அதுதான் சோறு. அந்தக் குட்டி டிராக்டர் எப்படிப் பிறந்துச்சு, யாருக்காகப் பிறந்துச்சு, நம்ம கொல்லைக்குள்ள அது நுழைய ஏன் இவ்வளவு வருஷம் ஆச்சு? அதான் இந்த வார மேட்டர். மெக்கானிக்கல் பசங்க நோட்டை எடுங்க. மத்தவங்க பயப்பட வேணாம், ஃபார்முலா ஒண்ணுகூடக் கிடையாது.

முதல்ல ஒரு கணக்கு. 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டு விவசாயியோட சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். ஏக்கர்ல சொன்னா 1.85. அதுவும் ஒரே இடத்துல இருக்காது. அப்பா பாகம் இங்கே, அம்மா வழியில வந்தது அங்கேன்னு துண்டு துண்டா கிடக்கும். 50 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம் ஒரு துண்டுன்னு வெச்சுக்கோங்க. சுமாரா அரை ஏக்கர். அதுல ஒரு 45 ஹெச்.பி. டிராக்டர் இறங்குது. ரெண்டு முனையிலும் திரும்பறதுக்கு 5 மீட்டர் விட்டாக்கூட 50-ல் 10 மீட்டர் காலி. அஞ்சுல ஒரு பங்கு நிலம் டிராக்டர் யூ டர்ன் அடிக்கவே போயிடுது! அப்புறம் அந்த ஓரத்தைக் குறுக்கே ஓட்டணும். ஏற்கனவே டயர் ஏறி ஏறிக் கெட்டியான மண்ணு. மூலைக்கு மூலை கொஞ்சம் மிச்சம் விழும். அதை மண்வெட்டியால கொத்தறது அந்த வீட்டு அம்மா.

இதைவிடப் பெரிய பிரச்னை, நேரம். மானாவாரியில மழை பெஞ்சு ரெண்டு மூணு நாள்ல ஒரு பதம் வரும். காலை வெச்சா சேறு ஒட்டக் கூடாது, கட்டியை உடைச்சா உதிரணும். அந்தப் பதத்துல உழுது விதைச்சாத்தான் கடலை முளைக்கும். ஊருக்கே ஒரே நாள்ல பதம் வரும். ஊர்ல இருக்கிற டிராக்டர் எத்தனை? வாடகை மணிக்கணக்கு. டிராக்டர்காரர் முதல்ல அஞ்சு ஏக்கர்காரர் கொல்லைக்குத்தான் போவார். அவர் மேல தப்பு சொல்ல முடியாது, டீசல் விலை அப்படி. அரை ஏக்கர்காரர் வரப்புல உட்கார்ந்து காத்திருக்கணும். அதுக்குள்ள வெயில் அடிச்சு ஈரம் காஞ்சா, அந்த மழை அவரைப் பொறுத்தவரைக்கும் பெய்யாத மழை. முந்திரிக்காரர் கதை இன்னும் மோசம். முந்திரிக் கிளை தரையைத் தொடுற மாதிரி படரும். டிராக்டரோட சைலன்ஸர் புகைபோக்கி மாதிரி நட்டமா நிக்கும். ரெண்டுக்கும் ஒத்தே வராது.

ஆக, டிராக்டர் சின்னதா இருக்கணும். அவ்வளவுதானே, சின்னதாப் பண்ணிட்டாப் போச்சுன்னு தோணும். அங்கதான் இன்ஜினீயரிங் சிரிக்குது. ஏர் இழுக்க மண்ணுல பிடிமானம் வேணும். பிடிமானத்துக்கு எடை வேணும். எடையைக் குறைச்சா டயர் நின்ன இடத்துலயே வழுக்கிச் சுத்தும். கனமா இருந்தா கொல்லைக்குள்ள நுழையாது, லேசா இருந்தா ஏர் இழுக்காது. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் ஆளாளுக்கு மண்டையை உடைச்சிருக்காங்க.

முதல்ல ஒரு போட்டோகிராஃபர். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்துல பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கிரேவ்லினு ஒருத்தர். ஸ்டூடியோ வெச்சிருந்தவருக்குத் தோட்டம் போடறதுல பைத்தியம். கொத்தி முதுகு வலிச்சதோ என்னவோ, ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பிரிச்சுப் போட்டு, பின்னாடி நடந்துக்கிட்டே ஓட்டற ஒரு மோட்டார் கலப்பையைப் பண்ணினார். 1916-ல் பேட்டன்ட். அந்த மோட்டார் சைக்கிள் எந்த கம்பெனி தெரியுமா? 'இந்தியன்'! நம்ம ஊர் இல்லைங்க, அமெரிக்க பிராண்டோட பேரே அதுதான். 1922-ல் அதுக்குன்னே கம்பெனி தொடங்கினார். ஒத்தைச் சக்கரம், ரெண்டு கைப்பிடி. இந்த மோட்டார் சைக்கிள் விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க, குஜராத்துல மறுபடி வரும்.

அடுத்தவர்தான் ஹீரோ. ஹாரி ஃபெர்குசன், அயர்லாந்துக்காரர். விவசாயி வீட்டுப் பிள்ளை. முதல் உலகப் போர் சமயம், 1917-ல், அரசாங்க டிராக்டர்களை மேற்பார்வை பார்க்கிற வேலை அவருக்கு வந்துச்சு. அப்போ டிராக்டர்னா என்ன? மாட்டுக்குப் பதில் ஒரு இரும்பு மாடு. பின்னாடி சங்கிலியிலோ கொக்கியிலோ ஏரைக் கட்டி இழுக்கும். ஏர் தனி, வண்டி தனி. இதுல ஒரு பயங்கரம் ஒளிஞ்சிருந்துச்சு. கொழு ஒரு வேர்லயோ பாறையிலயோ மாட்டுதுன்னு வைங்க. ஏர் நகராது, பின்சக்கரமும் நின்னுடும். ஆனா, இன்ஜின் நிக்காது. அந்த விசை எங்கே போகும்? சக்கரம் சுத்தலைன்னா வண்டி உடம்பு அச்சைச் சுத்தும். முன்பக்கம் அப்படியே மேலே எழும்பி, மல்லாக்க விழுந்து, ஓட்டறவரை நசுக்கிடும். ஃபோர்டு கம்பெனியோட ஃபோர்ட்ஸன் டிராக்டர் இதுக்குப் பேர் போனது.

ஃபெர்குசன் பண்ணின வேலை என்னன்னா, ஏரையும் வண்டியையும் ஒரே உடம்பா மாத்தினது. கீழே ரெண்டு கை, மேலே ஒரு கை. மூணு புள்ளியில ஏரைப் பிடிக்கிற அமைப்பு. இப்போ எந்த டிராக்டருக்குப் பின்னாடி போய்ப் பார்த்தாலும் அந்த மூணு கை இருக்கும். கீழ்க்கை ரெண்டும் ஏரை இழுக்கும். மண்ணு ஏரோட அடியைப் பின்னுக்குத் தள்ளும். அப்போ ஏரோட தலை என்ன பண்ணும்? முன்னால கவிழப் பார்க்கும். கவிழும்போது மேல்கையை வண்டிப் பக்கமா அழுத்தும். அந்த அழுத்தம் டிராக்டரோட முன்பக்கத்தைத் தரையோட அமுக்கிப் பிடிக்கும். எந்த விசை வண்டியைக் கவிழ்த்துச்சோ, அதே விசை இப்போ வண்டியைக் காப்பாத்துது! கூடவே ஏரோட எடை, ஏர் புரட்டுற மண்ணோட எடை எல்லாம் பின்சக்கரத்து மேல வந்து இறங்குது. வண்டி லேசானதுதான், ஆனா உழும்போது மட்டும் கனமாயிடும். ஃப்ரீ பாடி டயகிராம் போட்டுப் பாருங்க. முதல் வருஷ மெக்கானிக்ஸ் பேப்பர்ல இதை ஒரு கேள்வியா கேட்டிருந்தா எனக்கு அந்தப் பாடம் அன்னிக்கே பிடிச்சிருக்கும்.

அதோட விட்டாரா? இல்லை. மாடு கட்டி உழறவரைப் பார்த்திருக்கீங்களா? கை எப்பவும் மேழியில இருக்கும். மண்ணு இறுகினா லேசாத் தூக்குவார், இளகினா அழுத்துவார். யோசிச்செல்லாம் பண்ண மாட்டார், கையே பண்ணும். அந்தக் கையை ஃபெர்குசன் ஒரு ஸ்பிரிங்குக்குள்ளயும் ஹைட்ராலிக் வால்வுக்குள்ளயும் அடைச்சார். மண்ணு கெட்டியானா மேல்கை ஸ்பிரிங்கை அழுத்தும், ஸ்பிரிங் வால்வைத் திறக்கும், ஏர் ஒரு சின்ன அளவு தானா மேலே எழும்பும். அடியில கல்லு சிக்கினா வண்டி மல்லாக்க விழாது, பின்சக்கரம் சும்மா சுத்திட்டு நிக்கும். எத்தனை உயிரைக் காப்பாத்தியிருக்கும்னு யோசிங்க.

1938-ல் ஹென்றி ஃபோர்டும் அவரும் எழுத்துல ஒப்பந்தமே இல்லாம, கை குலுக்கிக்கிட்டு கூட்டு சேர்ந்தாங்க. 1939-ல் ஃபோர்டு 9என் வந்துச்சு. பெரியவருக்கு அப்புறம் பேரன் 1947-ல் கூட்டை முறிச்சார். வழக்கு நடந்து, 1952-ல் 92.5 லட்சம் டாலர் குடுத்து சமாதானம் ஆனாங்க. (கை குலுக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்கணும்னு எங்க தாத்தாவே சொல்வாரே!) இதுக்கு நடுவுல 1946-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில ஃபெர்குசன் தன் சொந்த டிராக்டரை இறக்கினார். டி.இ.20. சாம்பல் கலர், சுமார் 1,100 கிலோ, ரொம்ப எளிமை. 1956 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கும் மேல வித்துச்சு. எவரெஸ்ட் ஹிலாரி 1958 ஜனவரியில தென்துருவத்துக்குப் போனது இந்த டிராக்டர்லதான், சக்கரத்துக்குச் சங்கிலிப் பட்டை மாட்டி!

தென்துருவம் இருக்கட்டும், செம்பியம் வந்த கதைக்கு வருவோம். 1953-ல் ஃபெர்குசன் கம்பெனி மாஸி ஹாரிஸோட இணைஞ்சு, பின்னாடி மாஸி ஃபெர்குசன் ஆச்சு. அதோட கூட்டு வெச்சு 1960-ல் சென்னையில டாஃபே தொடங்கினாங்க. நம்ம ஊர் ரோட்டுல செங்கரும்பு ஏத்திட்டுப் போற அந்தச் சிவப்பு 1035 இருக்கே, அது டி.இ.20-க்கு அடுத்து வந்த 35 மாடலோட வாரிசு. 2025-ல் ஒரு சட்டப் பஞ்சாயத்துக்கு அப்புறம், இந்தியாவுல மாஸி ஃபெர்குசன்ங்கிற பேரே டாஃபேவுக்குச் சொந்தமாயிடுச்சு. அயர்லாந்துல முளைச்ச மூணு கை, கடைசியில சென்னையில வேர் விட்டுடுச்சு.

ஒரு சின்ன விஷயம் கவனிச்சேன். அங்கே 40 வயசு டிராக்டர்னா கண்காட்சிக்குப் போகுது. இங்கே 40 வயசு 1035 இன்னிக்குக் காலையில அஞ்சு கொத்து கலப்பையை மாட்டிட்டு வேலைக்குப் போகுது. நம்ம ஊர்ல 'விண்டேஜ்' என்ற வார்த்தைக்கே இடமில்லை. ஓடுற வரைக்கும் வண்டி, நின்னா காயலான் கடை. நடுவுல மியூசியம்னு ஒரு ஸ்டாப் கிடையாது.

ஃபெர்குசன் லேசான வண்டிக்குப் பிடிமானம் குடுத்தார். பிடிமானமே வேணாம்னு ஒருத்தர் கிளம்பினார். ஆர்தர் கிளிஃபர்டு ஹோவர்டு, ஆஸ்திரேலியாக்காரர். 1912-ல் அப்பா பண்ணையில நீராவி டிராக்டர்ல இருந்து விசையை எடுத்து, ஒரு தண்டுல கத்திகளை மாட்டிச் சுத்த விட்டுப் பார்த்தார். அப்போ அவருக்கு வயசு 19. ஆமாம் பாஸ், நாம லேப் ரெக்கார்டைக் காப்பி அடிக்கிற வயசு! முதல்ல போட்ட கத்தி மண்ணைப் பக்கவாட்டுல வீசிச்சு. ஆங்கில 'எல்' எழுத்து மாதிரி வளைச்சுப் போட்டதும் சரியாச்சு. 1920-ல் பேட்டன்ட். அதுதான் ரொட்டவேட்டர். அந்தப் பேரை இங்கிலீஷ்ல எழுதித் திருப்பிப் படிங்க, அதேதான் வரும். நம்ம 'விகடகவி' மாதிரி!

இதுல என்ன விசேஷம்? ஏரை வண்டி இழுக்கணும். ரொட்டவேட்டர் கத்தி மண்ணை வெட்டிப் பின்னால தள்ளும்போது வண்டியையே முன்னால தள்ளுது. அதாவது இன்ஜினோட பலம் டயர் வழியாப் போக வேண்டியதில்லை, நேரா கத்திக்குப் போகுது. அதனால சேத்துலயும் வேலை செய்யும், வண்டி லேசா இருந்தாலும் வேலை செய்யும். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஜப்பான்காரங்க தங்களோட குட்டிக் குட்டி நெல் வயலுக்கு இதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு சக்கரம், நீளமான கைப்பிடி, பின்னாடி கத்தி. பவர் டில்லர்! பெங்களூரு வி.எஸ்.டி. கம்பெனி மிட்சுபிஷி தொழில்நுட்பத்தோட 1967-லயும், கேரளா அரசோட காம்கோ குபோட்டா தொழில்நுட்பத்தோட 1973-லயும் தொடங்கினது அந்த வழியிலதான். எங்க பக்கத்துல கொள்ளிடத்துப் பக்கமா இறங்கினா, நெல் வயல்ல இதோட 'டக டக டக' சத்தம்தான் நடவுக்குக் கட்டியம் கூறும்.

பவர் டில்லரைப் பத்தி ஒரு ரகசியம். அதுக்கு ஸ்டீயரிங் கிடையாது. இடது கைப்பிடி கிளட்ச்சை அமுக்கினா இடது சக்கரத்துக்குப் போற விசை நின்னுடும், வலது சக்கரம் மட்டும் ஓடும், வண்டி இடது பக்கம் திரும்பும். இது சமதரையில. வாய்க்கால் மேட்டுல இருந்து சரிவுல இறங்கும்போது அதையே பண்ணுங்க... வண்டி வலது பக்கம் திரும்பும்! ஏன்னா, இறக்கத்துல வண்டியை இன்ஜின்தான் பிடிச்சு நிறுத்திட்டு இருக்கு. இடது சக்கரத்தை விடுவிச்சா அது தடையில்லாம வேகமா உருளும். அறியாம அமுக்கினவங்க வாய்க்காலுக்குள்ள விழுந்த கதை ஊருக்கு ஒண்ணு இருக்கும். இதை எந்த புக்கும் முதல் பக்கத்துல போடறதில்லை. ஓட்டறவங்க சொல்லிக் குடுத்துத்தான் தெரியும்.

இன்னொரு கணக்கையும் போட்டுடுவோம். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். நாட்டுக் கலப்பை ஒரு சாலுக்கு 20 செ.மீ. எடுக்கும்னு வெச்சா, ஒரு ஏக்கரை ஒரு தடவை உழுது முடிக்க 20 கிலோமீட்டர் நடக்கணும். இங்கிருந்து அணைக்கரைக்குப் போய்ட்டு வர்றதைவிடக் கொஞ்சம்தான் கம்மியா இருக்கும்னு எங்க பெரியப்பா சொல்றார், மாட்டுக்குப் பின்னாடி! பவர் டில்லர் 60 செ.மீ. எடுக்கும். அப்போ சுமார் 7 கிலோமீட்டர். குறைஞ்சுதான் போச்சு. ஆனா, முழங்கால் சேத்துல, 400 கிலோ இரும்பைக் கையால திருப்பிக்கிட்டு, உள்ளங்கை மரத்துப் போற அதிர்வோட 7 கிலோமீட்டர். நம்ம வேளாண் வேலையில பாதியைத் தூக்கிச் சுமக்கறது பெண்கள். நாத்து நடறது, களை எடுக்கறது எல்லாம் அவங்க. ஆனா பவர் டில்லரைப் பிடிச்சு நடக்கிற ஒரு அக்காவை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. அந்தக் கைப்பிடியோட உயரமும் எடையும் யாரை மனசுல வெச்சு வரைஞ்சதுன்னு கேட்காமலே பதில் தெரியுது.

உட்கார்ந்து ஓட்டற சின்ன வண்டி அந்தக் காலத்துல இல்லாமலா இருந்துச்சு? இருந்துச்சே, அமெரிக்காவில! போர் முடிஞ்சு நகரத்துக்கு வெளியே வீடு கட்டிக் குடியேறினாங்க. வீட்டைச் சுத்திப் புல்லு. 1946-ல் சௌத் பெண்ட் என்ற ஊர்ல அப்பாவும் மகனுமா 'வீல் ஹார்ஸ்' கம்பெனியைத் தொடங்கினாங்க. 1961-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 'கப் கேடட்' கொண்டுவந்துச்சு. 7 ஹெச்.பி.தான். ஆனா, கியர்பாக்ஸ் சாமான்களை நிஜ டிராக்டரான ஃபார்மால் கப்ல இருந்தே எடுத்துப் போட்டாங்க. அதான் இன்னிக்கும் அது சாகாம ஓடுது. 1963-ல் ஜான் டீரும் 110-ஐ இறக்கிச்சு. அப்பா டிராக்டரோட அதே கலர், அதே மூஞ்சி, குழந்தை சைஸ். பார்த்தா தூக்கிக் கொஞ்சணும் போல இருக்கும்.

இப்போ பாருங்க வேடிக்கையை. கப் கேடட் பண்ணின அதே இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1963-ல் மஹிந்திராவோட சேர்ந்து இந்தியாவுல டிராக்டர் தயாரிக்க வந்துச்சு. வந்தது எது? பி-275, பெரிய வண்டி. ஏக்கர் கணக்குல புல் மட்டும் வெச்சிருந்தவருக்கு 7 ஹெச்.பி. குட்டி வண்டி. ரெண்டு ஏக்கர்ல குடும்பமே நடத்தறவருக்குப் பெரிய வண்டி. பசுமைப் புரட்சிக்கு கோதுமை வயல்தான் முதல்ல கண்ணுக்குத் தெரிஞ்சுது, வியாபாரக் கணக்கும் அப்படித்தான் போகும். இருந்தாலும் எனக்கு மனசு ஆறலை. டிராயிங் ஏற்கனவே அவங்க அலமாரியில இருந்துச்சே!

நம்ம ஆளுங்க சும்மா இருந்தாங்கன்னு சொல்ல முடியாது. துர்காபூர்ல இருக்கிற மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்துல, சந்திரமோகன் தலைமையில ஒரு இளைஞர் பட்டாளம் வெளிநாட்டுக் கூட்டு இல்லாம ஒரு டிராக்டரை வடிவமைச்சாங்க. 1970-ல் பஞ்சாப் டிராக்டர்ஸ் கம்பெனி, 1974-ல் ஸ்வராஜ் 724. பேரைக் கவனிங்க, ஸ்வராஜ்! பெரிய வண்டிகளோட பார்த்தா அது சின்னது. ஆனாலும் முந்திரிக்குள்ள நுழையற அளவுக்குச் சின்னது இல்லை.

அந்த அளவுக்குச் சின்னதைப் பண்ணினது இன்ஜினீயர் இல்லை. குஜராத், அம்ரேலி மாவட்டத்து மன்சுக்பாய் ஜகானி. 1990-கள். வறட்சி, மாடு வாங்கவும் வழியில்லை, மாட்டுக்குத் தீவனம் போடவும் வழியில்லை. அவர் கையில எடுத்தது டீசல் புல்லட். ஆமா, 1955-ல் இருந்து நம்ம சென்னையில தயாரிக்கிறாங்களே, அதே என்ஃபீல்டு புல்லட்! பின்சக்கரத்தைக் கழட்டிட்டு, ரெண்டு சக்கர அச்சு ஒண்ணை மாட்டி, அதுக்குப் பின்னாடி கொத்து மாட்டற சட்டம் ஒண்ணைப் பொருத்தினார். வரிசைக்கு வரிசை இடைவெளிக்குத் தக்கபடி கொத்தைத் தள்ளி வெச்சுக்கலாம். வேலை முடிஞ்சா அச்சைக் கழட்டிட்டு மறுபடி புல்லட்ல ஊருக்குப் போகலாம். பேரு 'புல்லட் சாந்தி'. சாந்தின்னா அவங்க ஊர்ல ஏர், வேற யாரும் இல்லை, கற்பனை பண்ணாதீங்க! தேசியப் புத்தாக்க நிறுவனம் அவரைக் கூப்பிட்டு கௌரவிச்சுது. அன்னிக்கு இந்தியன் மோட்டார் சைக்கிளை அமெரிக்காக்காரர் பிரிச்சார். முக்கால் நூற்றாண்டு கழிச்சு இந்தியர் ஒருத்தர் புல்லட்டைப் பிரிச்சார். ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனா, சின்ன நிலம் ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கு.

கம்பெனிகளும் இப்போ முழிச்சுக்கிட்டாங்க. வி.எஸ்.டி.யோட 18 ஹெச்.பி. மிட்சுபிஷி சக்தி, மஹிந்திராவோட 15 ஹெச்.பி. யுவராஜ் எல்லாம் கடைக்கு வந்தாச்சு. 2021-ல் ஸ்வராஜ் 'கோட்'னு ஒண்ணு வந்துச்சு, 11 ஹெச்.பி. அதுல சீட்டையும் ஸ்டீயரிங்கையும் திருப்பி வெச்சுக்கிட்டு பின்பக்கமாவும் ஓட்டலாம். வரப்பு முனையில யூ டர்ன் அடிக்கிற பிரச்னைக்கு வடிவமைப்பாலயே ஒரு பதில். நான் பார்த்த வரைக்கும் நம்ம நிலத்தை அளந்து பார்த்துட்டு வரைஞ்ச மாதிரி இருக்கிற வண்டி அதுதான். விலையைக் கேட்டா மட்டும் அரை ஏக்கர்காரருக்கு மறுபடி தலை சுத்தும்.

அதனால அரை ஏக்கர்காரர் என்ன பண்றார்? பட்டறைக்குப் போறார். எங்க ஊர்ப்பக்கத்து வெல்டிங் பட்டறைகள்ல போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். செகண்ட் ஹேண்ட் மினி டிராக்டர் ஒண்ணு நின்னுது. சைலன்ஸரை வெட்டி, பக்கவாட்டுல திருப்பி, அடி வழியா விட்டிருந்தாங்க. முந்திரிக் கிளைக்காக! அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழத்தோட்ட டிராக்டர்னு தனியா விக்கிறாங்களே, அதுலயும் இதே வேலைதான். ஹெட்லைட் மேல கிளையைத் தள்ளி விடற மாதிரி ஒரு வளைஞ்ச குழாய். ஒன்பது கொத்து சட்டத்தை அறுத்து அஞ்சு கொத்தா ஆக்கியிருந்தாங்க. எதுக்குங்க அண்ணேன்னு கேட்டா, "ரெண்டு மரத்துக்கு நடுவுல போவணும்ல தம்பி"ன்னார். எந்த கம்பெனியோட ஆராய்ச்சிப் பிரிவும் இந்தக் கொல்லையை அளந்ததில்லை. அளந்தவர் கையில டேப்புகூட இல்லை, சாணும் முழமும்தான்.

1836-ல் கொள்ளிடத்துல கீழணை கட்டும்போது, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலோட சுத்துமதில் கல்லையெல்லாம் பெயர்த்து எடுத்துட்டுப் போய்ட்டாங்க. அணை வந்துச்சு, பாசனம் வந்துச்சு, அது வேற. ஆனா, அந்த மதில் எப்படி இருந்துச்சுன்னு இன்னிக்கு யாராலயும் முழுசாச் சொல்ல முடியலை. பட்டறை வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்துச்சு. இதுவும் ஒரு நாள் நிக்கும். இன்ஜினை மோட்டாருக்கு எடுப்பாங்க, கியர்பாக்ஸை வேற ஒருத்தர் வாங்குவார், மிச்சம் கிலோ கணக்குல காயலான் கடை. அடுத்து வர்ற வண்டிக்கு சைலன்ஸரை எந்த இடத்துல வளைக்கணும்னு மறுபடி முதல்ல இருந்து யோசிக்கணும். நம்ம காலேஜ்கள்ல வருஷா வருஷம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல 'பல்நோக்கு விவசாய இயந்திரம்'னு ஒண்ணு வருது. ரிவ்யூ முடிஞ்சதும் லேப் பின்னாடி துருப் பிடிக்குது. பண்றவங்கள்ல எத்தனை பேர் ஒரு கொல்லைக்குப் போய் ரெண்டு மரத்துக்கு நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு பார்த்திருப்பாங்க?

பட்டறைக்கார அண்ணன்கிட்ட, "டிராயிங் ஏதும் வெச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டேன். சுவத்தைக் காட்டினார். சாக்பீஸ்ல கோடு, அளவு, வளைவு, பக்கத்துல வண்டிக்காரர் பாக்கி வெச்ச 1,200 ரூபாய் கணக்கு. நாலஞ்சு வண்டியோட வரைபடம் ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கு. செல்போன்ல படம் எடுத்துக்கிட்டேன். "சீக்கிரம் எடுத்துக்கோ தம்பி, பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும்"னார்.

உங்க ஊர்ப் பட்டறைச் சுவத்துலயும் இப்படி ஏதாவது இருக்கும். படம் எடுத்து நம்ம பக்கத்துக்கு அனுப்புங்க. ஊர் பேர், எந்தப் பயிருக்காக மாத்தினது, வரிசைக்கு வரிசை எவ்வளவு இடைவெளி, சைலன்ஸர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு... இந்த நாலையும் மறக்காம எழுதிடுங்க. பொங்கலுக்கு முன்னாடி!